கியூபாவா, மெக்ஸிகோவா, சோவியத் வழியா? குத்துச்சண்டைப் பாணி தேர்வதற்கு ஓர் ஒப்பீடு

ஜாப் (முன்கையின் நேர்குத்து), கிராஸ் (பின்கையின் நேர்குத்து), ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) மூன்றும் ஓரளவு கைவந்ததும் பலரும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். லொமசென்கோவின் சண்டையைப் பார்த்த வாரம் கால் துள்ளத் தொடங்கும். மேவெதரைப் பார்த்த வாரம் இடக்கை இடுப்புக்கு இறங்கிவிடும். அடுத்த வாரம் டைசன். இப்படி ஓராண்டு போனால் எந்தப் பாணியும் உடம்பில் தங்காது, அடிப்படையும் கலைந்திருக்கும்.

நாட்டின் பெயரால் வழங்கும் பாணிகளுக்கும் அந்நாட்டு மக்களின் சுபாவத்துக்கும் பெரிய தொடர்பில்லை. அங்கே போட்டி எத்தனை ரவுண்டு நடந்தது, புள்ளி எதற்குக் கிடைத்தது, பயிற்சிக்குப் பணம் யார் கொடுத்தார்கள் என்பவையே பாணியை உருவாக்கின. கியூபாவில் 1960-களின் தொடக்கத்தில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குத் தடை வந்தது. 2022-இல்தான் வீரர்கள் மறுபடி தொழில்முறைக்குப் போக அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட தலைமுறைகள் குறுகிய அமெச்சூர் சண்டைக்காகவே அரசு செலவில் வளர்ந்தவை. மெக்ஸிகோவில் கதை வேறு. அந்நாட்டுச் சாம்பியன்களான சாவேஸ் 17 வயதிலும் கனேலோ 15 வயதிலும் தொழில்முறை ரிங்கில் ஏறினார்கள். டிக்கெட் வாங்கிய கூட்டம் எதிரே உட்கார்ந்திருந்தது, ரவுண்டுகளும் நீளமானவை. ஆகவே உங்கள் போட்டி எந்த வகை என்பதிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும்.

## முதலில் அளவுகோல்கள்

ரவுண்டு எண்ணிக்கை. அமெச்சூர் சண்டை 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு. தொழில்முறை 4-இல் தொடங்கி 12 வரை. 9 நிமிடத்தில் முடியும் சண்டையில் முதல் ரவுண்டை இழந்தால் பாதிக் கதை முடிந்தது. 36 நிமிடச் சண்டையில் முதல் நான்கு ரவுண்டுகளை எதிராளியின் உடலைத் தளர்த்துவதற்கே செலவிடலாம்.

உடலமைப்பு. சுவரில் முதுகை ஒட்டிக் கைகளை விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்து பாருங்கள். உயரத்தைவிட 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் கூடுதலாக இருந்தால் தூரத்திலிருந்து சண்டையிடும் பாணிகள் லாபம். உயரத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் நெருங்கும் வழி ஒன்றைக் கற்றே ஆக வேண்டும்.

கால், மூச்சு, வயது. துள்ளும் பாணி கெண்டைக்காலைக் கேட்கும், குனியும் பாணி முழங்காலையும் இடுப்பையும் கேட்கும். முப்பதைத் தாண்டித் தொடங்குபவர்கள் இதைத் தனியாக யோசிக்க வேண்டும்.

தலையில் வாங்கும் அடி. போட்டியில் வாங்குவதைவிட ஸ்பாரிங்கில், அதாவது ஜிம்மில் இருவர் மோதிப் பழகும் பயிற்சிச் சண்டையில், வாங்குவதுதான் பெரும்பாலும் அதிகம். ஒரு பாணியைக் கற்க எவ்வளவு கடினமான ஸ்பாரிங் தேவை என்பதே அதன் உண்மையான விலை.

கற்றுத்தர ஆள். மற்ற நான்கும் பொருந்தி இது இல்லாவிட்டால் அந்தப் பாணியை விட்டுவிடுங்கள். பையை அடிக்க யாரும் தேவையில்லை. எதிர்த்தாக்குதலின் நேரத்தைப் பழக, எதிரே நின்று சரியான ஜாப் போடத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

## கியூபா: தொடு, விலகு, வரவழைத்து அடி

இந்த மரபின் தந்தையாகச் சொல்லப்படுபவர் பயிற்சியாளர் அல்சிடெஸ் சகாரா. சோவியத் பயிற்சியாளர் ஆண்ட்ரெய் செர்வொனென்கோவின் முறையும் கியூபாவின் சொந்த நடையும் இங்கே கலந்தன. தியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 ஒலிம்பிக்கிலும், ஃபெலிக்ஸ் சவோன் 1992, 1996, 2000 ஒலிம்பிக்கிலும் ஹெவிவெயிட் தங்கம் வென்றார்கள்.

எடை பின்காலில் சற்றுக் கூடுதலாக இருக்கும். முன்கை தாழ்ந்து, எதிராளியின் கையுறையைத் தொட்டுத் தொட்டு அளந்துகொண்டே இருக்கும். எதிராளி ஜாப் போடும்போது எடையைப் பின்காலுக்கு மாற்றி, தலையை ஒரு கையுறை அளவுக்கு மட்டும் பின்னே இழுப்பார்கள். அவன் கை திரும்பும் வழியிலேயே பின்கை நேராகப் போய் இறங்கும். இறங்கியதும் முன்காலை அச்சாக வைத்துச் சுழன்று பக்கவாட்டில் வெளியேறிவிடுவார்கள். ஒரு ரவுண்டில் இப்படி நாலைந்து தடவை தெளிவாக நடந்தாலே நடுவர்களின் கண்ணில் நிற்கும்.

கற்பவர்கள் இரண்டு இடங்களில் கெடுக்கிறார்கள். முதலாவது, தொடர்ந்து இரண்டு முறை நேர்பின்னே இழுப்பது. ஜாப்பைத் தவறவிட முதல் இழுப்பு போதும். அதன்பின் வரும் கிராஸ் முழு உடல் எடையோடு முன்னேறி வருகிறது, அதற்குள் நீங்கள் பின்வாங்கும் இடம் தீர்ந்திருக்கும், தாடையும் மேலே தூக்கியிருக்கும். முதல் இழுப்புக்குப் பிறகு அடிக்க வேண்டும், இல்லையேல் பக்கத்தில் நகர வேண்டும். இரண்டாவது, கையை மட்டும் தாழ்த்துவது. ஹூலியோ சீசர் லா குரூஸ் கையைத் தொங்கவிட்டு 2016, 2020 ஒலிம்பிக் தங்கங்களை வென்றார் என்றால், அவருடைய கால்கள் எப்போதும் எட்டாத தூரத்தில் இருந்ததால்தான். தூரத்தைக் காக்கத் தெரியாதவரின் கை தாழ்ந்தால் அது வெறும் திறந்த வாசல்.

மறைசெலவு தொழில்முறைக்குப் போகும்போது தெரியும். கியூபாவின் ரிகொண்டோ 2013 ஏப்ரலில் டோனேரைத் தெளிவாக வென்றார். ஆனால் கூட்டத்துக்கும் ஒளிபரப்பாளருக்கும் பிடித்த சண்டை அதுவல்ல, அடுத்த பெரிய வாய்ப்புக்காக அவர் வெகுகாலம் காத்திருந்தார். எதிராளி அடிக்கவே மறுத்துக் காத்திருந்தால், எதிர்த்தாக்குதலை நம்பியிருப்பவர் மந்தமாகத் தெரிவார் என்பதும் ஒரு கஷ்டம்.

உயரமானவர், இடக்கைக்காரர், கண்ணும் கையும் வேகமானவர், அமெச்சூரில் நிற்கப்போகிறவர் என்றால் இது முதல் தேர்வாகலாம்.

## சோவியத் வழி: உள்ளே, வெளியே, கோணம்

சோவியத் யூனியன் கலைந்து பல நாடுகளானாலும் பயிற்சிமுறை கலையவில்லை. உக்ரைனின் லொமசென்கோவும் உசிக்கும், கஜகஸ்தானின் கொலோவ்கினும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தான் அணியும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள். பாணியில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறைய, பயிற்சியில் குறைவு.

எடை இரு கால்களிலும் ஏறத்தாழச் சமம். முன்பாதங்களில் நின்று, முன்னும் பின்னும் அரைப் பாத அளவுக்குச் சிறு துள்ளல். முன்னே வரும் துள்ளலோடு ஜாப் இறங்கும், கால் தரையைத் தொடும் கணத்தில் கிராஸ் புறப்படும், பின்னே போகும் துள்ளல் உங்களை வெளியே எடுத்துவிடும். முன்கை எதிராளியின் முன்கையை அழுத்தி, திசைமாற்றி, பார்வையை மறைக்கும். அடித்தபின் முன்காலை அவனுடைய முன்காலுக்கு வெளிப்பக்கம் வைத்துத் திரும்பினால், உங்கள் இரு கைகளும் அவனைப் பார்த்திருக்கும், அவன் திரும்பினால்தான் உங்களை அடிக்க முடியும்.

இந்த மரபின் பெரும் சொத்து அதன் பயிற்சி வரிசை. முழு ஸ்பாரிங்குக்கு முன் நிபந்தனை ஸ்பாரிங் நிறைய உண்டு. ஒருவருக்கு ஜாப் மட்டும், மற்றவருக்குத் தடுப்பு மட்டும். பிறகு இருவருக்கும் ஜாப். பிறகு ஒருவர் உடலுக்கு மட்டும் அடிக்கலாம். தோளையோ முழங்காலையோ விரலால் தொட்டால் புள்ளி என்ற விளையாட்டும் உண்டு. தலையில் பலமாக அடி வாங்காமலே தூரமும் நேரமும் பழகிவிடும். போட்டிக்குப் போகாமல் உடற்பயிற்சிக்காகக் கற்பவருக்கும் இது மிகப் பெரிய லாபம்.

எங்கே உடைகிறது? துள்ளலில்தான். பாதம் தரையைவிட்டு ஒரு தாள் நுழையும் அளவே எழ வேண்டும். கற்பவர்கள் கயிறு குதிப்பதுபோல உயரக் குதிக்கிறார்கள். காற்றில் இருக்கும்போது திசைமாற்றவோ அடியைத் தாங்கவோ முடியாது, அதே தாளத்தில் மூன்று தடவை துள்ளினால் நாலாவதை எதிராளி முன்கூட்டியே எண்ணிவிடுவான். தாளத்தை உடைக்கத் தெரியும்வரை துள்ளல் ஒரு பலவீனம். கெண்டைக்கால் பிடிப்பும் குதிகால் தசைநாண் வலியும் முதல் இரண்டு மாதத்தில் சகஜம். ஒரு ரவுண்டு துள்ளல், ஒரு ரவுண்டு நடை என்று மாற்றிமாற்றிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

இன்னொரு குறை, மார்போடு மார்பு ஒட்டும் நெருக்கச் சண்டை. இந்தப் பயிற்சியில் அதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. பிடித்து, தோளால் தள்ளி, உள்ளேயே அடிப்பவரிடம் அமெச்சூர் மட்டத்துச் சோவியத் பாணிக்காரர்கள் திணறுவதைப் பார்க்கலாம்.

## மெக்ஸிகோ: வழியை அடை, உடலை அடி

அடியை வாங்கிக்கொண்டு அடிப்பதுதான் மெக்ஸிகோ பாணி என்ற எண்ணம் பலரைக் கெடுத்திருக்கிறது. சாவேஸின் சண்டைகளை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முகத்தருகே வரும் குத்துகளில் பலவற்றைத் தலையை ஓரிரு அங்குலம் அசைத்தே கழித்துவிடுகிறார். பயிற்சியாளர் நாச்சோ பெரிஸ்தாய்னிடம் வளர்ந்த ஹுவான் மானுவல் மார்க்கெஸ் எதிர்த்தாக்குதலில் தேர்ந்தவர். 2012 டிசம்பரில் ஆறாவது ரவுண்டில் பாக்கியாவோவை வீழ்த்தியது, அவர் முன்னே வரும் கணத்துக்காகக் காத்திருந்து விட்ட ஒரே ஒரு வலக்கைக் குத்து.

பொதுவான சட்டகம் இது: உயர்ந்த கார்டு (கைகளைத் தற்காப்பாக வைக்கும் நிலை), தாழ்ந்த தாடை, குட்டையான அடி எடுத்துவைத்தல், எதிராளியைத் துரத்தாமல் அவன் போகும் வழியை அடைத்தல். அவன் இடப்பக்கம் நகர்ந்தால் நீங்களும் பக்கவாட்டில் நகர்ந்து குறுக்கே நிற்க வேண்டும். அவன் பின்னாலேயே நேராக நடந்தால் ரிங்கைச் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். ஒலிம்பிக் ரிங் கயிற்றுக்குள் 6.1 மீட்டர் சதுரம். அதில் ஓடுபவருக்கு இடம் அதிகம். தொழில்முறையில் அதைவிடச் சிறிய ரிங்குகளும் உண்டு, அங்கே இந்தப் பாணியின் மதிப்பு உடனே ஏறும்.

பாணியின் கையெழுத்து, கல்லீரலுக்கு இடக்கை ஹூக். கல்லீரல் வலப்புறம் விலாவின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. சரியாகப் பட்டால் நினைவு தப்பாது. ஆனால் ரத்த அழுத்தம் சட்டென இறங்கி, ஒரு நொடி தாமதித்துக் கால் மடங்கும். வலக்கைக்காரர் இன்னொரு வலக்கைக்காரரை அடிக்கும் வரிசை:

1. முகத்துக்கு ஜாப் அல்லது வலக்கை. படவேண்டிய அவசியமில்லை, அவன் வலது முழங்கை மேலே எழுந்தால் போதும்.
2. இடது காலை முன்னும் வெளியுமாக ஒரு பாத அளவு வைத்து, முழங்காலை மடித்து எடையை இடது இடுப்பில் ஏற்றுங்கள். முதுகை வளைத்துக் குனிந்தால் கீழிருந்து மேலே வரும் அப்பர்கட்டுக்கு நீங்களே முகத்தைக் கொடுக்கிறீர்கள்.
3. இடுப்பைத் திருப்பி, முழங்கையை உடலோடு ஒட்டியபடி, கீழிருந்து சற்று மேல்நோக்கி அடியுங்கள். இலக்கு முழங்கைக்குச் சற்று முன்னே, கடைசி விலாவின் ஓரம்.
4. வலக் கையுறை கன்னத்தை விட்டு நகரக் கூடாது. இடக்கை போன பக்கம் திறந்திருப்பதால் அவன் வலக்கைக்கு வாய்ப்பு உண்டு. அடித்ததும் அதே கையால் தலைக்கு இன்னொரு ஹூக், அல்லது தலையை உருட்டி வெளியே.

முதல் படியைத் தவிர்த்துவிட்டு நேரே உடலுக்குப் போனால் உங்கள் விரல்முட்டி அவன் முழங்கை எலும்பில் போய் மோதும். கை உடைவதற்கு நல்ல வழி.

இனி செலவுக் கணக்கு. 1990 மார்ச் 17 அன்று, 1984 ஒலிம்பிக் சாம்பியன் மெல்ட்ரிக் டெய்லர், சாவேஸுக்கு எதிராக மூன்று நடுவர்களில் இருவரின் கணக்கில் முன்னிலையில் இருந்தார். பன்னிரண்டாவது ரவுண்டு முடிய 2 விநாடி இருக்கையில் ரிங்குக்குள் நின்ற ரெஃபரி சண்டையை நிறுத்தி சாவேஸுக்கு வெற்றி கொடுத்தார். அந்த நிறுத்தம் இன்றும் சர்ச்சைதான். நமக்கு வேண்டிய பாடம் வேறு: உடலில் போட்ட குத்துகள் பலன் கொடுக்க அத்தனை ரவுண்டுகள் தேவைப்பட்டன. மூன்று ரவுண்டு அமெச்சூரில் அந்த முதலீடு முதிரும் முன் மணி அடித்துவிடும்.

மேலும், நெருங்கிக் கற்கும் பாணிக்கு நெருங்கிய ஸ்பாரிங் வேண்டும். சில ஜிம்களில் அது வாரம் மூன்று முறை முழுபலச் சண்டையாகிவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் இந்தப் பாணியைக் கற்காதீர்கள், எவ்வளவு புகழ்பெற்ற ஜிம்மானாலும் சரி.

குட்டைக் கை, உறுதியான உடல், மூச்சு குறையாத ஓட்டம், தொழில்முறை இலக்கு என்று இருந்தால் இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

## அமெரிக்கா: ஒரு பெயரில் மூன்று பள்ளிகள்

அமெரிக்கப் பாணி என்று ஒன்றைச் சொல்வதே கஷ்டம். ஊருக்கு ஊர், பயிற்சியாளருக்குப் பயிற்சியாளர் மாறுகிறது.

ஷோல்டர் ரோல். முன்கை வயிற்றுக்குக் குறுக்கே, முன்தோள் தாடையை மூடி, பின்கை கன்னத்தருகே. வரும் கிராஸ் தோளில் உருண்டு வழுக்கிப்போகும், திரும்பும் அசைவிலேயே உங்கள் வலக்கை கிளம்பும். மேவெதர் 50 சண்டைகளில் தோல்வியே இல்லாமல் ஓய்வுபெற்றது இதன் பெரிய விளம்பரம். ஆனால் அவர் குழந்தையிலிருந்தே குத்துச்சண்டைக் குடும்பத்தில் வளர்ந்தவர். இடக்கைக்காரரின் நேர் இடக்கை வேறு கோணத்தில் வருவதால் தோள் அதை முழுதாக மறைக்காது. பின்கை ஒரே நேரத்தில் ஜாப்பையும் ஹூக்கையும் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் இதைத் தொடுவது வீண். வேறொரு கார்டு நிலைத்தபின் கயிற்றோரத்தில் மாட்டும்போது பயன்படுத்த ஒரு கூடுதல் ஆயுதமாகக் கற்கலாம்.

பீக்கபூ. பயிற்சியாளர் கஸ் டாமாட்டோவின் முறை. ஃபிளாய்ட் பேட்டர்சன், ஹோசே டோரஸ், டைசன் மூவரும் அதில் வந்தவர்கள். இரு கையுறைகளும் கன்ன எலும்பில், நிலை ஏறத்தாழ நேர்முகம், ஒவ்வொரு அடி முன்வைப்புக்கும் தலை பக்கம் மாறும். 178 செ.மீ. உயரமுள்ள டைசன் தன்னைவிட உயரமானவர்களின் ஜாப்புக்குள் புகுந்தது இப்படித்தான். தலை நின்றுவிட்டால் நேர்முக நிலை நடுவில் முழுக்கத் திறந்த இலக்கு. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸின் நீண்ட ஜாப் அதைக் காட்டியது. முழங்கால், கீழ்முதுகு, மூச்சு மூன்றுக்கும் கடும் வேலை. குட்டையானவர், வெடிக்கும் வேகம் உள்ளவர், இளையவர் தவிர மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க மனம் வராது.

க்ராங்க். டெட்ராய்ட்டில் இமானுவல் ஸ்டூவர்ட் வளர்த்த பள்ளி. நீண்ட ஜாப், பின்னாலேயே வலக்கை. தாமஸ் ஹேர்ன்ஸ் இதன் முகம். பின்னாளில் ஸ்டூவர்ட் உக்ரைனின் விளாடிமிர் கிளிட்ச்கோவுக்குப் பயிற்சியளித்தபோது சோவியத் அடித்தளமும் டெட்ராய்ட் ஜாப்பும் ஒன்றாயின. உயரமான தொழில்முறையாளர்களுக்கு அந்தக் கலவை ஒரு நல்ல வரைபடம்.

பிரிட்டனின் நிமிர்ந்த நிலை, நேர் ஜாப், இறுக்கமான கார்டு பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. அது நல்ல தொடக்கநிலை, எந்தப் பயிற்சியாளரும் கற்றுத்தர முடியும். அதன்மேல் வேறொன்றைக் கட்ட வேண்டியிருக்கும்.

## ஒரே பார்வையில்

கால அளவு, வாரம் நான்கு நாள் பயிற்சி என்ற கணக்கில், ஸ்பாரிங்கில் பாணி கைகொடுக்கத் தொடங்கும்வரை தோராயமாக ஆகும் காலம்.

| பாணி | பொருந்தும் உடல் | கைகொடுக்கும் சண்டை | காலம் | மறைசெலவு |
|---|---|---|---|---|
| கியூபா | நீண்ட கை, வேகக் கண் | 3 ரவுண்டு | 1½–2 ஆண்டு | மந்தமாகத் தெரியும் அபாயம், கயிற்றில் மாட்டுதல் |
| சோவியத் வழி | எந்த உடலும், நல்ல கெண்டைக்கால் | 3 முதல் 12 வரை | 1 ஆண்டு | தாளம் கணிக்கப்படும், நெருக்கச் சண்டை பலவீனம் |
| மெக்ஸிகோ | குட்டைக் கை, நல்ல மூச்சு | 6 ரவுண்டுக்கு மேல் | 1 ஆண்டு | தலையடி, கைக் காயம் |
| ஷோல்டர் ரோல் | நெகிழ்ந்த இடுப்பு, நல்ல கணிப்பு | தொழில்முறை | 3 ஆண்டுக்கு மேல் | இடக்கைக்காரரிடம் ஓட்டை |
| பீக்கபூ | குட்டை, வெடிவேகம் | முதல் சில ரவுண்டுகள் | 2 ஆண்டு | முழங்கால், முதுகு, மூச்சு |
| க்ராங்க் | உயரம், நீண்ட கை | தொழில்முறை | 1 ஆண்டு | உள்ளே புகுந்தவரிடம் திணறல் |

## எது எதோடு கலக்கும்

ஒரே ஒரு பதில் வேண்டும் என்பவருக்கு: முதல் ஆண்டு சோவியத் வழிக் கால்வேலையும் நிபந்தனை ஸ்பாரிங்கும், இரண்டாம் ஆண்டு மெக்ஸிகோவின் உடல் குத்துகள். இந்த இணைப்புக்குச் சான்று இருக்கிறது. 2004 ஒலிம்பிக் வெள்ளி வென்ற கொலோவ்கின், பயிற்சியாளர் ஏபெல் சான்செஸிடம் சேர்ந்தபின் தன்னுடையது மெக்ஸிகோ பாணி என்றே சொல்லிக்கொண்டார். ரிங்கை அடைக்கும் நடையும் உடல் குத்தும் அங்கே சேர்ந்தவை, ஜாப்பும் சமநிலையும் பழையவை.

எல்லாம் கலக்காது. கியூபாவின் பின்கால் எடையும் பீக்கபூவின் நேர்முக நிலையும் ஒன்றையொன்று வெட்டும். ஷோல்டர் ரோலுக்கு ஊன்றிய கால் வேண்டும், துள்ளிக்கொண்டே தோளை உருட்டினால் இரண்டும் பாதியில் நிற்கும்.

பாணிகளை நேருக்கு நேர் மோதவிட்டு எது மேல் என்று முடிவுகட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2022 மே மாதம் ரஷ்யாவின் பிவோல், சோவியத் வழியின் உள்ளே-வெளியே நடையால் கனேலோவை வென்றார். ஆனால் அவர் லைட் ஹெவிவெயிட் எடைப் பிரிவிலேயே வளர்ந்தவர், கனேலோ கீழ் எடையிலிருந்து ஏறிவந்தவர். 2017 டிசம்பரில் லொமசென்கோவிடம் ரிகொண்டோ ஆறு ரவுண்டோடு நிறுத்திக்கொண்டார். ரிகொண்டோ இரண்டு எடைப் பிரிவுகள் மேலே வந்து ஆடியவர். எடை வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பேசினால் இரண்டு சண்டைகளுமே பாணியைப் பற்றிச் சொல்வது குறைவு.

## ஜிம்மில் சேரும் முன்

பயிற்சியாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதல் மாதம் என்ன செய்வோம்? ஸ்பாரிங் எப்போது, எந்தப் பலத்தில்? என் எடையிலும் உயரத்திலும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? முதல் வாரமே தலைக்கு முழுபல ஸ்பாரிங் என்றால் அங்கே எந்த நாட்டுக் கொடி தொங்கினாலும் வெளியே வந்துவிடுங்கள். ஸ்பாரிங்குக்கு 14 முதல் 16 அவுன்ஸ் கையுறை கட்டாயமா என்பதையும் கவனியுங்கள்.

சேர்ந்தபின் ஒரு பாணிக்குக் குறைந்தது ஆறு மாதம் கொடுத்து, மாதம் ஒருமுறை மூன்று ரவுண்டு இலகு ஸ்பாரிங்கைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றே: நீங்கள் வாங்கிய அடிகள் உங்கள் குத்துக்கு முன்னே வந்தனவா, பின்னே வந்தனவா? முன்னே வந்தால் தூரம் தவறு, உங்கள் கைநீளத்துக்கு அந்தப் பாணி பொருந்தவில்லையோ என்று சந்தேகிக்கலாம். பின்னே வந்தால் அடித்தபின் அதே இடத்தில் நிற்கிறீர்கள். அது பாணியை மாற்றினால் தீராது, கால்வேலைப் பயிற்சியைக் கூட்டினால் தீரும்.